விலக்கிவிட ஆளில்லாத வீடு

"இங்க நீ எவ்வளவு வேணா கத்தலாம். ஒருத்தர் காதுலயும் விழாது."

பாலைவன நகரத்துப் புது வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னது இதைத்தான். விரலை மடக்கிச் சுவரைத் தட்டியும் காட்டினான். சத்தம் சுவருக்குள்ளேயே அமுங்கிப்போனது.

"நான் எதுக்குங்க கத்தப் போறேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொல்ல வேற நல்ல பேச்சே கிடைக்கலையா?"

அவன் சிரித்தான். அவள் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். சுட்டது.

"ஐயோ, வெந்நீரு!"

"அதான் இங்க பச்சைத் தண்ணி. மேல தொட்டியில கிடந்து வெயில்ல காயுதுல்ல? காலையிலயே வாளியில பிடிச்சு வச்சாத்தான் குளிக்க முடியும்."

"அப்ப வெந்நீர்க் குழாய்ல என்ன வரும்?"

"ஹீட்டரைப் போடாம விட்டா அதுல ஆறின தண்ணி வரும்."

"நல்ல ஊருங்க. எல்லாமே தலைகீழா இருக்கு."

"ஒரு வருஷம் பார்ப்போம். பிடிக்கலைன்னா திரும்பிடலாம். நம்ம ரூம் பூட்டித்தானே கிடக்கு?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். பழைய ஊரில், கடலை ஒட்டிய புறநகரில், ரயில் பாதைக்குப் பக்கத்துக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அறை. பாத்திரம் பண்டம் பாதியும் அவளுடைய தையல் மிஷினும் அங்கேயே இருந்தன. "சுமை எதுக்கு, இருக்கட்டும்" என்று அவன் சொன்னபோது அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி. மிஷின் இருக்கிற இடம்தானே வீடு. சாவியைச் சுவரக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

சுவரக்கா அடுத்த அறைக்காரி. அவள் பேச்சில் பாதி சுவர் வழியாகவே வந்ததால் கட்டடமே வைத்த பெயர் அது. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திக் கட்டிய மெல்லிய சுவர். கடல் காற்றின் ஈரத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து, ஆணி அடித்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். இந்தப் பக்கம் இவன் இருமினால் அந்தப் பக்கமிருந்து, "கொஞ்சம் வெந்நீர் குடிங்க தம்பி" என்று வரும்.

அங்கே புருஷனும் பெண்டாட்டியும் போட்ட எந்தச் சண்டையும் நாலாவது வாக்கியத்தைத் தாண்டியதில்லை.

"உங்க தங்கச்சிக்குன்னா மட்டும் கை நீளுது," என்று இவள் ஆரம்பிப்பாள்.

"என் தங்கச்சியை இழுக்காதே."

"இழுக்கல, இருக்கிறதைச் சொன்னேன்."

சுவரில் கரண்டியால் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். "ஏன் தம்பி, தங்கச்சியைத்தான் நேத்தே இழுத்து முடிச்சாச்சே? இன்னிக்கு வேற ஆளை இழுக்கக் கூடாதா?"

வராந்தா முழுக்கச் சிரிப்பு. பிறகு சுவரக்கா நேரிலேயே வந்து நிற்பாள். "நீ சொன்னது தப்பு. தம்பி, நீங்க சொன்ன விதம் தப்பு. தட்டைப் போடு, சாப்பிடட்டும்." அதோடு முடிந்தது. யார் மேல் நியாயம் என்று இருவருக்கும் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருந்ததில்லை.

பாலைவன நகரத்தில் முதல் மாதம் அவள் துணி துவைப்பதிலேயே ஓட்டினாள். அங்கே நாலு நாளானாலும் காயாத துணி, இங்கே கொடியில் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி அப்பளமாக விறைத்துவிடும். பிறகு செய்ய ஒன்றுமில்லை. உதடு வெடித்தது. கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடித்தது. ஒருநாள் எதிர்வீட்டு மணியை அடித்தாள். சங்கிலி அளவுக்குக் கதவு திறந்து ஒரு பெண்ணின் பாதி முகம் தெரிந்தது.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. எதிர்வீடு. சும்மா பேசலாம்னு..."

"ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் இல்லையே."

"அப்ப சரி." கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் அதை அவனிடம் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றி, உள்ளே சேர்ந்த மணலைக் குப்பைத்தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் கதவு ஓடுகிற பள்ளத்தில் மணல் அடைத்துக்கொள்வதால் அவனுக்கு ஓயாத வேலை.

"நல்லதாப் போச்சுன்னு நினை. யாரும் யார் விஷயத்துலயும் மூக்கை நுழைக்க மாட்டாங்க."

"மூக்கை நுழைக்கலைன்னா பரவால்ல. முழு மூஞ்சியையாவது காட்டலாம்ல?"

"நிம்மதியா இருக்குடி இங்க. நான் மூச்சு விடுறதே இப்பத்தான்."

அவன் மெய்யாகவே மாறியிருந்தான். வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தான். அவளை நேருக்கு நேர் பார்த்துப் பேசினான். கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. அதைப் பார்க்கையில், திரும்பிப் போகிற பேச்சை எடுக்க அவளுக்கு மனசு வராது. வருஷம் முடியட்டும் என்று இருந்தாள்.

மணல் காற்று அடித்த ஒருநாள் வேலைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே பகல், மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றியதுபோலக் கலங்கிக் கிடந்தது. அவன் குளிக்கப் போயிருந்தான். அவள் சுவரக்காவுக்கு வீடியோவில் பேசினாள்.

"என்னடி இளைச்சுட்டே? தம்பி சோறு போடுறாரா இல்லையா?"

"சோறு ஆக்குறதே நான்தானே அக்கா?"

"அதான் இளைச்சுட்டே!"

இருவரும் சிரித்தார்கள். பின்னால் யாரோ கூப்பிட, "தோ வரேன்" என்று சுவரக்கா ஃபோனோடு எழுந்து நடந்தாள். திரையில் அடுப்பு நகர்ந்து போனது, தண்ணீர்ப் பானை போனது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வந்தது. அதைத் தாண்டினால் ஒரு ஜன்னல். துருவேறிய கம்பியில் சிவப்புத் துணிநாடா சுற்றியிருந்தது. அந்த நாடாவைச் சுற்றியவள் இவள்.

"அக்கா, நில்லுங்க. அது என் ஜன்னல்தானே?"

படம் ஆடியது. சுவரக்காவின் முகம் மிகக் கிட்டே வந்தது.

"தம்பி உன்கிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லலை?"

"நான் சொல்லியிருப்பாருன்னுல்ல நினைச்சேன். என் பெரிய பையனுக்குக் கல்யாணம் ஆச்சு இல்ல, இடம் போதலைடி. தம்பிதான், எடுத்துக்கோங்க அக்கா, நாங்க இனி வரப்போறதில்லைன்னு... அடியே, லைன்ல இருக்கியா? உன் சாமான் ஒண்ணும் எங்கயும் போகலை. பரண்மேல பத்திரமா இருக்கு."

"இருக்கேன் அக்கா."

"மனசுல வச்சுக்காதே."

"சரி, அப்புறம் பேசுறேன்."

தலையைத் துவட்டிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது அவள் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"ரூமைக் குடுத்துட்டீங்களா?"

துண்டு நின்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானே பார்த்தேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? வருஷம் முடிஞ்சு நான் பெட்டியைக் கட்டினதுக்கப்புறமா?"

"ஆளில்லாத ரூமுக்கு வாடகை அழுதுக்கிட்டே இருக்கச் சொல்றியா? அக்கா வாய்விட்டுக் கேட்டாங்க."

"என்கிட்ட யாரும் கேக்கலையே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

பழைய வீடாக இருந்தால் இதற்குள் கரண்டி சுவரைத் தட்டியிருக்கும். இருவருமே, தங்களை அறியாமல், ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். ஏசி உறுமியது. ஜன்னலில் மணல் சரசரத்தது. யாரும் வரவில்லை. அதனால் அவன் மேலே பேசினான்.

"உனக்கு ரூமா வேணும்? அந்த வராந்தா வேணும். நாலு பேர் எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"ஆமா, வேணும். மனுஷ மூஞ்சி பார்க்க ஆசைப்பட்டா தப்பா?"

"வேலை போய் நான் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கா? வேலை தேடிட்டுத் திரும்பி வருவேன். படிக்குப் படி ஒரு கதவு. 'கிடைச்சுதா தம்பி?' இல்லைங்க. 'கிடைச்சுதா தம்பி?' இல்லைங்க. மேல வந்து சேர்றதுக்குள்ள நான் ஆளே இல்ல."

"அக்கறையில கேட்டாங்க."

"அக்கறைதான். யார் இல்லைன்னா? அந்த அக்கறையை நீ ஒருநாள் ஏறிப் பார்த்திருக்கணும்."

"அந்த அக்கறைதாங்க அந்த வருஷம் நமக்குச் சோறு. கிழியாத துணியைக்கூடக் கிழிச்சு எடுத்துட்டு வந்து தைக்கக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இந்த வாக்கியத்தின் பக்கத்தில் அவள் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் யாராவது உள்ளே வந்து தட்டைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"தெரியும்," என்றான். "எனக்கு அப்பவே தெரியும். கிழிச்ச துணிக்கும் கிழிஞ்ச துணிக்கும் வித்தியாசம் தெரியாத மடையனா நான்? மிஷின் ஓடுற சத்தம் கேட்டாலே நினைச்சுக்குவேன், இன்னிக்கு என் தட்டுல விழப்போறது அந்தச் சத்தம்தான்னு."

அவள் அவனையே பார்த்தாள்.

"அதுக்குத்தான் மிஷினைக் கொண்டுவர வேணாம்னீங்களா?"

அவன் ஈரத் துண்டை மடிக்க ஆரம்பித்தான்.

"சுமை எதுக்குன்னு சொன்னீங்களே?"

"அதுதான் சுமை."

"அப்ப ஒரு வருஷம்னு சொன்னது? பிடிக்கலைன்னா திரும்பிடலாம்னு சொன்னது?"

"அப்படிச் சொல்லலைன்னா நீ வந்திருக்க மாட்டே."

அதற்கு மேல் ஒன்றும் பாக்கியில்லை. அவன் கதவுவரை போய் நின்றான். கதவிடுக்கு வழியாக மணல் சன்னமான கோடாக உள்ளே வந்து படிந்திருந்தது. வெளியே போக வழியில்லை. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் காற்று ஓய்ந்தது. அவர்களுக்குள் ஓயவில்லை. அவன் வேலைக்குப் போனான், வந்தான். அவள் சமைத்தாள், மூடி வைத்தாள். இருவரும் தனித்தனியே சாப்பிட்டார்கள். சமாதானத்துக்கு யார் முதலில் வருவது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. அது எப்போதும் மூன்றாவது ஆளுடைய வேலை.

மூன்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு சாயங்காலம், துண்டை முந்தானைபோலத் தோளில் போட்டு, இடுப்பில் கையூன்றி, கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஏன்டி, எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பே?" என்றான் மெல்லிய குரலில். "தம்பி செஞ்சது தப்பு. நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறதும் தப்பு. தட்டைப் போடு, சாப்பிடட்டும்."

குரல் அச்சு அசலாகச் சுவரக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது.

"அக்கா சொன்னா கேக்க மாட்டியா?" என்றான் அதே குரலில்.

"அக்கா நடுவுல நிக்கலையேங்க. என் வீட்டுக்குள்ள நிக்கிறாங்க."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சரி," என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வதுபோல. "இனிமே நான் உங்களோட சண்டை போடலை."

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கை கழுவப் போனான்.

அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள்.

"சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கலாமா?"

"சரிங்க."

"பச்சை நல்லா இருக்காதோ?"

"வேற அடிக்கலாம்."

"மிஷின் ஒண்ணு புதுசா வாங்கிடலாமா? மோட்டார் வச்சது, சத்தமே வராதாம்."

"உங்க இஷ்டம்."

"உன் இஷ்டம் என்ன?"

"எதுன்னாலும் சரிங்க."

எரிச்சலில் ஒருநாள் தன் தங்கச்சியைத் தானே இழுத்தான். அவளுக்கு ஏதாவது அனுப்பணும் என்றான். "அனுப்புங்க, பாவம்," என்றாள். இன்னொருநாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று பொய் சொன்னான். அவள் மறுபேச்சில்லாமல் உப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவன் தட்டைத் தள்ளினான்.

"ஏன்டி என்னைக் கொல்றே? வாயைத் திறந்து நல்லாத் திட்டேன். சண்டை போடு. நீயே ஜெயிச்சுக்க. நான் ஒரு வார்த்தை பேசலை."

அவள் உப்பை எடுத்து மூடி வைத்தாள். கோபமாக இல்லை. கணக்குப் பார்ப்பவள்போல இருந்தாள்.

"ஜெயிச்சா எங்கங்க திரும்பிப் போறது?" என்றாள்.

அவள் தட்டை மறுபடி அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"ஆறுது. சாப்பிடுங்க."