ஒரு முடி குறையாமல்

வார்டில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் மிளகாய். என் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனால் அது எனக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அந்தப் பெயரைக் காப்பாற்றும்படியாகத்தான் என் வேலையே ஆரம்பித்தது.

"சிஸ்டர், ஆறாம் நம்பர் தாடி மறுபடியும் கத்துது" என்றாள் கூட வேலை பார்க்கும் நர்ஸ்.

"தாடி எங்கயாவது கத்துமா? மெஷின்தான் கத்தும். அவர் பஸ் டிரைவர். முப்பது வருஷமா ஊர்ச் சனத்தையே ஏத்தி இறக்கினவர். டிரைவர்னு சொல்லு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். போகட்டும். மருந்து வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஆறாம் கட்டிலுக்கு நடந்தேன்.

டிரைவருக்கு நுரையீரல் களைத்துப்போயிருந்தது. உள்ளே போன காற்று சரியாக வெளியே வராமல், ரத்தத்தில் கெட்ட காற்று சேர்ந்துகொண்டே இருந்தது. அது ஏற ஏற ஆளுக்குத் தூக்கம் வரும், பேச்சு குழறும், அப்புறம் நினைவு போகும். அதற்குத்தான் அந்த மெஷின். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். மாஸ்க் முகத்தில் அப்பிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் சிக்கல். அவருக்கு மார்பு வரை தாடி. தள்ளுகிற காற்றில் பாதி அந்த முடிக்குள் புகுந்து வெளியே ஓடியது. மெஷின் கத்தாமல் என்ன செய்யும்?

மாஸ்க் உட்காரவில்லை என்றால் அடுத்தது தொண்டைக்குள் குழாய். அவர் நுரையீரல் இருந்த நிலையில் குழாய் போட்டால் திரும்ப எடுக்க முடியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ரேஸர் கொண்டு வாங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

நான் கொண்டுபோய் வைத்த தட்டை டிரைவர் புறங்கையால் தள்ளிவிட்டார். அவர்கள் மார்க்கத்தில் ஆண்பிள்ளை வயதுக்கு வந்த நாளில் ஒரு சத்தியம் செய்வார்களாம். அன்றிலிருந்து முகத்தில் கத்தி படக்கூடாது. வீட்டு ஆட்கள் கை தவிர வேறு எந்தக் கையும் தாடியில் படக்கூடாது. இதை அவர் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"உயிர்... போனாலும் சரி. இது... வேண்டாம்."

எங்கள் டாக்டர் கெட்டவர் இல்லை. ஒரு நோயாளியைக் கூட விட்டுக்கொடுக்க மனசு வராதவர். அந்த நல்ல குணம்தான் சில நேரம் ஆளைக் கண்மூடித்தனமாக ஓட வைக்கும். டிரைவரின் மகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். யாரும் கூப்பிடவில்லைதான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல அவருக்கு நினைவு மங்கிடும்மா. அப்ப நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், எடுத்துடுவோம். முடிதானே, திரும்ப முளைச்சிடும்."

அந்தப் பெண் கல்லூரிப் பையைத் தோளில் இருந்து இறக்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள். "நான் சரின்னு சொன்னா அப்பா பொழைச்சுப்பாரு சிஸ்டர். பொழைச்சு எழுந்து என் முகத்துல முழிப்பாரா?"

எனக்கு வந்ததே கோபம்.

"முழிச்சிருக்கும்போது வேண்டாம்னவர், தூங்கினதும் சரின்னு சொல்லிட்டாரா டாக்டர்?"

"நியாயம் பேச நல்லா இருக்கு சிஸ்டர். நீங்க பேசுற நியாயத்துக்குக் கடைசியில கையெழுத்துப் போடப்போறது நான். அது எந்த மாதிரி சர்டிபிகேட்னு உங்களுக்கே தெரியும். வேற வழி இருந்தா காட்டுங்க. அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் பார்ப்பேன். அதுல ஏறியிருந்தா குழாய்தான்."

நியாயமாகத்தான் கேட்டார். என்னிடம் கோபம் இருந்ததே தவிர வழி இருக்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை.

பெரிய மாஸ்க்கை வைத்துப் பார்த்தேன், கண்ணுக்குள் காற்றடித்தது. மாஸ்க்கின் விளிம்பில் கொழகொழப்பான மருந்தைத் தடவினேன், வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. மெஷின் விடாமல் கத்தியது. பக்கத்துக் கட்டில்காரர் காதில் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டார். டிரைவருடைய இமைகள் சொருக ஆரம்பித்திருந்தன.

வெளியே இரும்பு நாற்காலியில் அவர் மனைவி மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் துணை என்று வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான். பையிலிருந்து ஒரு மரச் சீப்பு எட்டிப் பார்த்தது.

"அக்கா, அந்தத் தாடிமேல எதையாவது வச்சு மூடலாமா? அதுல தப்பு இருக்கா?"

"மூடறதுல என்ன தப்பு? பஸ் ஓட்டும்போது காத்துல பறந்து கண்ணை மறைக்கும்னு தினமும் காலையில நான்தான் சுருட்டி, துணி வச்சுக் கட்டி விடறேன். வெட்டத்தான் கூடாது."

எனக்குச் சமையலறை ஞாபகம் வந்தது. விளிம்பு நெளிந்த பாத்திரத்தில் மூடி உட்காராவிட்டால் நடுவே ஒரு துணியை வைத்து மூடுவேன், ஆவி வெளியே போகாது. அதே வேலைதான் இங்கேயும்.

காவலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்காவை உள்ளே அழைத்துப் போனேன்.

முதலில் கட்டுத்துணியால் கட்டச் சொன்னேன். மெஷின் கத்துவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. துணிக்குள் காற்று புகுந்து போகிறது. காற்றே புகாத ஒன்று வேண்டும், முகத்தோடு ஒட்டி இழுபட வேண்டும். தோள்பட்டை பிசகியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அகலமாக ஒரு ரப்பர் பட்டை வைத்திருப்பார்களே என்று பொறி தட்டியது. ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறைக்கு ஓடினேன். இந்த வயதில் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"யாருக்கு சிஸ்டர்? வலது தோளா, இடது தோளா?" என்றார் அங்கே இருந்தவர்.

"தாடிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் புதுச் சுருளைப் பிரித்து, வேண்டிய நீளம் வெட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் பட்டையை டிரைவருடைய கண் முன்னால் பிடித்தேன். "அண்ணே, இதுல கத்தி இல்ல, கத்தரி இல்ல. வெறும் ரப்பர். அக்கா கையாலதான் கட்டுவாங்க, நாங்க யாரும் தொட மாட்டோம். சம்மதமா?"

பேச அவருக்குத் தெம்பு இல்லை. பட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தலையை மெல்ல ஆட்டினார். எனக்கு அது போதும். அந்தத் தலையாட்டலை டாக்டரும் பார்த்தார்.

அக்கா தாடியை விரலால் சுருட்டி மோவாய்க்கு அடியில் படிய வைத்தார். பட்டையை மோவாயில் கொடுத்து, இரண்டு கன்னத்தையும் மூடி, மூக்கும் வாயும் திறந்திருக்கும்படி இழுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். கைக்குப் பழகிய வேலை, பிசகவில்லை.

"நிறுத்துங்க" என்றார் டாக்டர். "திடீர்னு வாந்தி எடுத்தா? கண் மூடித் திறக்கறதுக்குள்ள இதை அவிழ்த்தாகணும். முடிச்சு இறுகிடுச்சுன்னா மாஸ்க்குக்குள்ளயே ஆள் போயிடுவாரு."

சரியான கேள்விதான் என்பது எரிச்சலாக இருந்தது. அதுவரை டாக்டரை நிமிர்ந்தே பார்க்காத அக்கா, முடிச்சிலிருந்து தொங்கிய நுனியை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"இழுத்துப் பாருங்க தம்பி."

டாக்டர் இழுத்தார். ஒரே இழுப்பு. பட்டை முழுசாகக் கழன்று அவர் கையோடு வந்தது.

"வண்டி ஓட்டறவருக்கு இறுகற முடிச்சா போடுவாங்க?" என்றார் அக்கா.

டாக்டர் இரண்டு கையாலும் பட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "மறுபடியும் கட்டுங்கம்மா."

கட்டினார். மாஸ்க்கை நான் வைத்தேன். நாலு பக்கமும் வாரை இழுத்து மாட்டினேன். மெஷின் ஒருமுறை கத்தியது, பாதியில் நின்றது. அப்புறம் கத்தவே இல்லை. காற்று போய் வரும் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவருடைய மார்பு நன்றாக ஏறி இறங்கியது. காலையிலிருந்து அப்படி ஒரு மூச்சை அவர் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தலையணையை எடுத்துவிட்டு "அப்பாடா" என்றார்.

இருந்தாலும் ரத்தம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. ஒரு மணி நேரம் கழித்து ஊசி போட்டு ரத்தம் எடுத்து அனுப்பினோம். டாக்டர் வேறு எந்தக் கட்டில் பக்கமும் போகவில்லை. மகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் மருந்து வண்டியை அடுக்குகிறேன் என்ற பெயரில் ஒரே புட்டியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது. டாக்டரே பாய்ந்து எடுத்தார். கேட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இறங்கியிருக்கு. நல்லாவே இறங்கியிருக்கு. குழாய் வேண்டாம்."

மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அழவில்லை. கணவருடைய தலைமாட்டில் நின்று முடிச்சை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பேர் பிழைத்துப் போயிருக்கிறார்கள். ஒரு மனிதர் எதையும் இழக்காமல் முழுசாகப் பிழைத்ததைப் பார்க்க நெஞ்சு நிறைந்துபோனது. அன்றைக்கு யார் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போன நர்ஸுக்கு என் பங்கு டீயைக் கொடுத்தேன். அவள் பயந்துபோய் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது டாக்டர் ஆறாம் கட்டில் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். வீட்டுக்குப் போகவே இல்லையாம். சட்டை கசங்கி, கன்னமெல்லாம் முள்முள்ளாக முடி முளைத்திருந்தது.

"சிஸ்டர், அந்தப் பட்டை இனிமே எப்பவும் நம்ம வார்டுல இருக்கணும்" என்றார். "யாருக்கு வேணும்னாலும் முதல்ல அவங்க வீட்டாளைக் கூப்பிட்டுக் கேளுங்க. வாசல்ல நிறுத்த வேண்டாம்னு நான் சொல்லிட்டேன்."

அப்போது டிரைவர் கண் விழித்தார். தெளிந்த பார்வை. முதல் வேலையாகக் கை மோவாய்க்குப் போனது. ரப்பர்மேல் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

"இருக்கு அண்ணே. ஒரு முடி குறையல."

கண்ணை மூடித் திறந்தார். ஓரத்தில் ஈரம். அக்கா சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டார்.

முந்தின நாள் அவர் தள்ளிவிட்ட தட்டு அலமாரி மேல் அப்படியே கிடந்தது. உறை பிரிக்காத ரேஸர். எடுத்து டாக்டரிடம் நீட்டினேன்.

"பிரிக்காம இருக்கு டாக்டர். வீணாக்காதீங்க. போய் முகத்தைப் பாருங்க."

டாக்டர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். டிரைவர் ரேஸரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். தோள் குலுங்கியது. மாஸ்க்குக்குள் வாய் அகல, கன்னம் இரண்டும் மேலேற, கட்டிலே ஆடும்படி சிரித்தார்.

நான் சட்டென்று மெஷினைப் பார்த்தேன். அது கத்தவில்லை.