சுவர் வரைக்கும் அடிக்கும் டார்ச்

டார்ச் லைட் விஷயத்தில் சௌக்கத் அலி பொய் சொல்லமாட்டார். மற்ற விஷயங்களில் அவரும் எல்லோரையும் போலத்தான்.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு நடுவே எட்டடி அகலத்தில் அவர் கடை. பெட்டியில் 'ஐந்து கிலோமீட்டர் வீச்சு' என்று அச்சடித்திருந்தால், வாங்க வந்தவரிடம் அவரே சொல்லிவிடுவார். "அது பொட்டி அடிச்சவன் எழுதுனது. அவன் டார்ச்சைக் கண்ணால கூட பாத்திருக்க மாட்டான். நானூறு மீட்டர் போவும். அதுக்கு மேல நம்பாத." இதைக் கேட்டுச் சிலர் பக்கத்துத் தெருவுக்குப் போய் ஐந்து கிலோமீட்டரை வாங்கிக்கொண்டார்கள். அவர் வருத்தப்படவில்லை.

அதனால், ஒரே மாதத்தில் ஒரே ஆள் மூன்று டார்ச்சைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அவருக்கு அது வியாபாரமாகத் தெரியவில்லை. மானப் பிரச்சினையாகத் தெரிந்தது.

அந்த ஆளின் பெயர் கிருஷ்ணப்பன். வயது ஐம்பத்தேழு. எண்ணூரில் காலி கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் காவல் வேலை. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை. யார்டின் பின்சுவர் ஆற்றை ஒட்டி இருந்தது. அந்தப் பக்கத்து விளக்குக் கம்பங்களை உப்புக் காற்று ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டது. ஆகவே, காவல்காரர் கேட்டுக்குப் பக்கத்திலுள்ள இரும்பு மேடையில் ஏறி, மணிக்கொரு தடவை சுவர் நெடுக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆபீசில் விதி போட்டார்கள். மேடையிலிருந்து சுவர் முன்னூறு மீட்டர். பழைய டார்ச் அவ்வளவு தூரம் எட்டவில்லை என்று கிருஷ்ணப்பன் சொன்னார். நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னது ஆபீஸ்.

முதலில் வாங்கியது கைக்கு அடக்கமான டார்ச். நான்கு நாளில் திரும்பி வந்தார்.

"பாய், கிட்ட நல்லா அடிக்குது. தூரத்துல மாவு கொட்டுனாப்ல ஆயிப்போவுது."

அது நியாயமான புகார் என்று சௌக்கத் அலி ஒத்துக்கொண்டார். பரந்து அடிக்கும் டார்ச் வேறு, குவிந்து அடிக்கும் டார்ச் வேறு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு முகம் உள்ள இரண்டாவதைக் கொடுத்தார். அது ஒரு வாரத்தில் திரும்பி வந்தது.

"வெளிச்சம் போவுது பாய். போயி ஒண்ணும் காட்ட மாட்டேங்குது."

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று சௌக்கத் அலிக்குத் தெரியவில்லை. விசைப்படகுக்காரர்கள் வாங்குகிற மூன்றாவது டார்ச்சை எடுத்து வைத்தார். அதைத் தோளில் வார் போட்டுத்தான் தூக்க முடியும். பத்தாம் நாள் கிருஷ்ணப்பன் அதையும் தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

"ராயபுரத்துல நாப்பது போட்டுல இந்த டார்ச்தான் கீது. கடல்ல தெரியுது. உன் சுவத்துல மட்டும் தெரியலியா?"

"தெரில பாய்."

"ஞாயித்துக்கெழம நானே வர்றேன். மூணையும் எடுத்துகினு வர்றேன். ரெண்டு பேரும் நின்னு பாப்போம்."

கிருஷ்ணப்பன் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "வாங்க" என்றார்.

டார்ச் அடித்துப் பார்ப்பதற்காக ஒரு மனிதன் எண்ணூர் வரை போவான் என்பதை சௌக்கத் அலியின் மனைவி பதுருன்னிசா நம்பவில்லை. அவளும் கிளம்பினாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மூன்று டார்ச்சையும் மடியில் வைத்துக்கொண்டாள். திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதியில் இருவரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்கள்.

யார்டின் சூப்பர்வைசர் வல்லரசு. முப்பது வயது இருக்கும். கடைக்காரரே நேரில் வந்து காட்டுவது அவருக்குப் பிடித்திருந்தது. "நீங்க பாத்துகிட்டு இருங்க, ரெண்டு வண்டிக்குப் பேப்பர் போட்டுட்டு வந்துர்றேன்" என்று ஆபீஸ் அறைக்குள் போனார்.

மக்ரிப் தொழுகையை முடித்துக்கொண்டு சௌக்கத் அலி மேடையில் ஏறியபோது நன்றாக இருட்டிவிட்டது. சுவருக்குப் பக்கத்தில் யாராவது நின்றால்தான் சரியாகப் பார்க்க முடியும் என்றார்.

"நான் போறேன்" என்றாள் பதுருன்னிசா. "ஆனா ஒண்ணு. கறுப்பு புர்கா போட்டவள இருட்டுல நிக்க வச்சு டார்ச் டெஸ்ட் பண்ற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

கீழே கிடந்த வெள்ளை தெர்மாகோல் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு, போனில் கணவரிடம் பேசியபடியே நடந்தாள். சுவரை அடைய ஐந்து நிமிடம் ஆயிற்று.

சௌக்கத் அலி முதல் டார்ச்சை அடித்தார். சுவர் மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவதில் சுவரின் செங்கல் பெயர்ந்த இடம்கூடத் தெரிந்தது. மூன்றாவதை அடித்தார். சுவரும், கருவேலஞ்செடியும், தெர்மாகோலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்த பதுருன்னிசாவும் பட்டப்பகலில் நிற்பதுபோல நின்றார்கள்.

"இப்ப சொல்லு. எங்க கீறாங்க?"

கிருஷ்ணப்பன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சோத்தாங்கை பக்கம்" என்றார்.

அவள் பீச்சாங்கை பக்கம் நின்றாள்.

"கையில இன்னா தூக்கிப் புடிச்சிருக்காங்க?"

"போனு."

போனில் பதுருன்னிசாவின் குரல் வந்தது. "என்னங்க, போதும். மூஞ்சியிலயே அடிக்கிறீங்க, கண்ணு கூசுது."

சௌக்கத் அலி டார்ச்சை அணைத்தார். அவர் டார்ச்சில் குறை இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் அவர் இவ்வளவு தெளிவாக ஜெயித்ததில்லை. ஜெயித்த பிறகு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"எத்தினி நாளா?" என்று கேட்டார்.

கிருஷ்ணப்பன் மேடையின் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும் பாய். லைட்ட பாத்தா சுத்தி வளையம் வளையமா தெரியுது. ஆளுங்கள நடையில கண்டுபுடிச்சிடுவேன். வண்டிய சத்தத்துல. சுவரு சத்தம் போடாதே, அதான் மாட்டிக்கினேன்."

"டாக்டராண்ட போனியா?"

"போனா எழுதிக் குடுப்பாரு. எழுதிக் குடுத்தா வேலைக்கு அனுப்புன செக்யூரிட்டி ஏஜென்சிக்குத் தெரிஞ்சிரும். போன வருஷம் ஒருத்தன் கால விந்தி நடந்தான்னு அனுப்பிட்டாங்க. வாச்மேனுக்குக் காலு இல்லன்னாலே அனுப்புறான், கண்ணு இல்லன்னா வச்சிப்பானா?" பிறகு அவரே சொன்னார்: "பெரிய டார்ச்சா வாங்குனா தெரியும்னு நெனச்சேன் பாய். நெசமாத்தான் நெனச்சேன்."

அப்போது வல்லரசு மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"என்ன பாய், எது ஓகே?"

கிருஷ்ணப்பன் சௌக்கத் அலியைப் பார்த்தார். அல்லது அவர் நின்ற திசையைப் பார்த்தார்.

"மூணும் சரியில்ல சார்" என்றார் சௌக்கத் அலி.

"மூணுமேவா?"

"மூணும்தான். உங்க எடத்துல ஆத்துலேந்து பனி ஏறுது, அனல்மின் நிலையத்து தூசி வேற. அதுக்குன்னு ஒரு பீஸ் கீது. ஆர்டர் குடுத்து வரவழைக்கணும். மூணு வாரம் ஆவும்."

அப்படி ஒரு டார்ச் உலகத்தில் இல்லை. வல்லரசு தலையாட்டிவிட்டு, "நல்லதா வரட்டும்" என்று போனார். சௌக்கத் அலி மேடையின் இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வியர்த்திருந்தது.

பதுருன்னிசா தெர்மாகோலோடு திரும்பி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். "புரைதான். என் தங்கச்சிக்கு இப்படித்தான் இருந்துச்சு. சர்க்கார் ஆஸ்பத்திரில ஒரு நாள்ல முடிச்சு அனுப்பிட்டாங்க. இதுக்குப் போயி மூணு டார்ச் வாங்குவாங்களா?" என்றாள். பிறகு கிருஷ்ணப்பனிடம், "நாளைக்குக் காலைல உங்க வீட்டம்மாவக் கூட்டிகிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. அவங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது."

அவர் மனைவி கெங்கம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது அவளே சொன்னாள். "தீவாளிலேந்து தெரியும். சோறு போட்டா பக்கத்துத் தட்டுல கொழம்பு ஊத்துவ. நீயா சொல்வேன்னு பாத்துகினு கீறேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

வரிசை நகர்ந்தது, இருவரும் நகர்ந்தார்கள்.

இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. இடது கண்ணில் முற்றிவிட்டதால் அதை முதலில் எடுப்பதாகவும் மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் சொன்னார். யார்டில் மச்சான் மகள் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டார் கிருஷ்ணப்பன். அவருக்கு மச்சானே கிடையாது. ஆபரேஷன் அன்று அவரைவிட சௌக்கத் அலிதான் அதிகம் பயந்தார். வராந்தாவில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்ததால், அவரைத்தான் நோயாளி என்று நினைத்து ஒரு நர்ஸ் இரண்டு தடவை உள்ளே வரச் சொன்னாள்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். கிருஷ்ணப்பன் சுற்றிலும் பார்த்தார். கெங்கம்மாவைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"நீ எப்போ இவ்ளோ நரைச்ச?"

"நீ பாக்காதப்போ" என்றாள் கெங்கம்மா.

அந்த மூன்று வாரமும் வல்லரசு கடைக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். ஆர்டர் போட்ட டார்ச் எங்கே வருகிறது என்று கேட்டார். சௌக்கத் அலி ஒரு தடவை மும்பை என்றார், ஒரு தடவை துறைமுகத்தில் கஸ்டம்ஸ் என்றார். பொய் பழகப் பழகச் சுலபமாகும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவருக்குச் சுலபமாகவில்லை. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், இருட்டத் தொடங்கும் நேரத்தில் கிருஷ்ணப்பனும் சௌக்கத் அலியும் மறுபடி மேடையில் ஏறினார்கள். அதே மூன்று டார்ச். கிருஷ்ணப்பன் முதலாவதை அடித்தார், அணைத்தார். மூன்றாவதை அடித்தார்.

"பாய், இது வேணாம். ரொம்ப வெள்ளையா கீது. முன்னாடி கீற தூசியே வெளிச்சமாயி கண்ணக் கட்டுது. கடலுக்கு சரி, இங்க ஆவாது." இரண்டாவதை எடுத்துச் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்ல ஓட்டினார். "இது கொஞ்சம் மஞ்ச கலந்து அடிக்குது. நடுவுல குவியுது, சுத்தியும் லேசா தெரியுது. கைப்பிடி வழுக்கல. இதான்."

டார்ச்சைப் பற்றி இவ்வளவு சரியாகப் பேசும் வாடிக்கையாளரை சௌக்கத் அலி பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷம் வல்லரசு வரும்வரைதான் நீடித்தது. வல்லரசு டார்ச்சை வாங்கி இரண்டு பக்கமும் அடித்துப் பார்த்தார்.

"இது டார்ச். அன்னிக்குக் கொண்டாந்தீங்களே பாய், அதெல்லாம் டுபாகூர்."

சௌக்கத் அலி வாயைத் திறந்தார். கிருஷ்ணப்பன் அவரைப் பார்த்தார். இப்போது சரியாக அவர் முகத்தைத்தான் பார்த்தார். சௌக்கத் அலி வாயை மூடிக்கொண்டார். அன்று வீட்டில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டதாக பதுருன்னிசா பிறகு தங்கையிடம் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி இருக்கும். கிருஷ்ணப்பன் சுவரின் கோடிவரை வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டு போனபோது, கருவேலஞ்செடி ஆடி விலகியது. அது மறைத்திருந்த இடத்தில் சுவர் இல்லை. இடுப்பளவுக்கு இடிந்து ஆள் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பெண்கள் வரிசையாக ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் இறங்கி ஓடினார். பெண்கள் ஓடவில்லை. ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் இறால் போடுகிற ஓலைப் பறி தொங்கியது. ஆற்றில் தண்ணீர் வற்றும் நேரம் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். ரோட்டைச் சுற்றிப் போனால் அரை மணி நேரம் அதிகமாகும்.

"இன்னா நைனா, புது லைட்டா?" என்று முன்னால் நின்ற மலர் என்பவள் கேட்டாள். "ஆளக் காணமேன்னு நெனச்சோம். வேற ஒருத்தன் வந்தான், பேஜாரு புடிச்சவன். கத்திக்கினே இருந்தான்."

"எத்தினி நாளா இப்டி போறீங்க?"

"இன்னா நைனா புச்சா கேக்கிற? ஒண்ணரை வருஷமா போறோம். நீ மேடையில நின்னுகினு எங்களையே பாப்ப. லைட்டும் அடிப்ப. ஒருநாளாச்சும் சத்தம் போட்டிருப்பியா? உன்ன மாரி மன்சன் இந்த எண்ணூர்ல கெடையாதுன்னு எங்க வூட்ல தெனம் சொல்லுவேன்."

கிருஷ்ணப்பன் டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அது தனக்குச் சேர வேண்டியதல்ல என்றும் தெரிந்தது. "அங்க கம்பி நீட்டிகினு கீது, பாத்து போங்க" என்று மட்டும் சொன்னார்.

காலையில் வல்லரசு வந்ததும் இடைவெளியைப் பற்றிச் சொல்லிவிட்டார். இறால் பிடிக்கப் போகிற பெண்களைப் பற்றியும் மறைக்கவில்லை. பொய்க்கு அவரிடம் இனி இடமில்லை. ஒரு மச்சானையும் அவன் மகள் கல்யாணத்தையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தார்.

வல்லரசு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சுவர் கட்ட ஹெட் ஆபீசுக்கு எழுதணும். அவங்க ஆள அனுப்பி அளந்து, கொட்டேஷன் வாங்கி... ஆறு மாசம் ஆவும். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கங்க."

"அவங்க வந்தா இன்னா பண்றது சார்?"

"இங்கேந்து எதாவது எடுத்துகிட்டுப் போறாங்களா?"

"பறிதான் கொண்டாராங்க. பறியோடத்தான் போறாங்க."

"அப்ப பாத்துக்கங்க" என்று வல்லரசு மறுபடி சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.

தண்ணீர் வற்றும் நாட்களில் விடியற்காலையில் அந்த ஆறு பேரும் கடந்து முடிக்கும்வரை கிருஷ்ணப்பன் மேடையிலிருந்து அவர்கள் காலடியில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர்களுக்குப் பின்னால் ஒரு பழுப்பு நிற நாயும் போகிறது. அதற்கு ஒரு காது இல்லை என்பது மேடையிலிருந்தே தெரிகிறது.