பூசை போட்ட ஆணி

தம்போய் அன்னாசித் தொழிற்சாலையின் தண்ணீர்க் கோபுரத்தில், கால்களைக் குறுக்கே பிணைக்கும் கடைசிச் சாய்வுச் சட்டம் மட்டும் பொருந்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. மேல் முனை சமத்தாக உட்கார்ந்துவிட்டது. கீழ் முனையில்தான் வம்பு. சட்டத்தின் துளையும் மூலைத் தகட்டின் துளையும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி அரை விரற்கடை விலகி நின்றன. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சபாபதி கடப்பாறையால் நெம்பிப் பார்த்தான், சம்மட்டியால் தட்டிப் பார்த்தான், சிங்கப்பூரில் அந்தச் சட்டத்தை வெட்டியவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டிப் பார்த்தான். இரும்பு எதற்கும் மசியவில்லை.

திட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு உள்ளுக்குள் தெரியும், சிங்கப்பூர்க்காரன் மேல் தப்பே இல்லை என்று.

கோபுரம் நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. நாலு கால்களையும் சட்டங்களையும் முதலில் போல்ட்டுப் போட்டு இளக்கமாகவே விட்டுவைக்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, கால்களை நேராக இழுத்துக் கட்டிய பிறகுதான் ரிவிட் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் இணைப்பு இறுகிவிடும், அப்புறம் அது யார் பேச்சையும் கேட்காது. இதெல்லாம் சபாபதிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வரும். ஆனாலும் முதல் காலை நிறுத்திய வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் போய்விடப் போகிறதே என்று குண்டு விடாமலேயே முதல் மூலையின் ஆணிகளை அடித்து முடித்து, குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்துவிட்டான். அந்தக் கால் அன்றைக்கே ஒரு நூல் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வுதான் உயரம் ஏற ஏறப் பெருகி இப்போது கடைசிச் சட்டத்தில் வந்து பல்லைக் காட்டியது.

அவ்வளவு அவசரமாகப் பூசை போடக் காரணம் இருந்தது. போன வருஷம் கோத்தா திங்கியில் ஒரு ரப்பர் ஸ்டோருக்குக் கூரை போடும்போது ஐயாசாமி மேலிருந்து விழுந்து செத்துப் போனான். பூசை போடாமல் ஆரம்பித்த வேலை, காவு வாங்கிவிட்டது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். சபாபதியும் ஆமாம் போட்டான். அதிலிருந்து பூசை இல்லாமல் ஒருத்தனும் இரும்பில் கால் வைப்பதில்லை. ஐயாசாமியின் மனைவி கருப்பாயி இப்போது இதே கூட்டத்தில் மணல் சுமந்துகொண்டிருந்தாள். பூசையன்று மட்டும் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

"விடுங்க லா மண்டோரே," என்றான் ஆணி அடிக்கும் வேலு. "அரம் போட்டு ஓட்டைய அகட்டி, போல்ட்டு மாட்டி, மேல பெரிய வாஷரா வெச்சு மூடிடலாம். ஓவர்சியர் நாளைக்கு வந்து கீழ நின்னுதான் பாப்பாரு. அவருக்குத் தெரியவா போவுது?"

சபாபதிக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் மேலே உட்காரப் போவது தண்ணீர்த் தொட்டி. நிரம்பினால் யானைக் கூட்டத்தைத் தூக்கி மேலே நிறுத்திய மாதிரிதான். காற்று அடிக்கும்போதெல்லாம் அகட்டிய துளைக்குள் போல்ட்டு அசையும், அசைய அசையத் துளை பெருகும். கோபுரத்தின் காலடியில்தான் பெண்கள் உட்கார்ந்து அன்னாசி சீவும் கொட்டகை.

"முடியாது. முதல் மூலைய வெட்டித்தான் ஆவணும்."

"அலமாக்! பூசை போட்ட ஆணியவா?" வேலு பின்வாங்கினான். "எம் பொண்டாட்டி மாசமா இருக்கா மண்டோரே. நான் உளிய தொட மாட்டேன். அத வெட்டினா எங்கள்ல ஒருத்தனும் மேல ஏற மாட்டான், சொல்லிட்டேன்."

மற்றவர்களும் சம்மட்டிகளைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள்.

சபாபதி ஒற்றை ஆளாகக் காலுக்கு மரமுட்டுக் கொடுத்தான், கயிறு கட்டினான். ஆணித் தலையை வெட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உளியைப் பிடிக்க வேண்டும், மற்றவர் அடிக்க வேண்டும். ஒரே ஆளாகச் செய்து பார்த்தான், உளி துள்ளி அவன் முழங்காலைப் பதம் பார்த்ததுதான் மிச்சம். கோபத்தில் அவனுக்கு அழுகையே வரும் போலிருந்தது.

கருப்பாயி மணல் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உளியை எடுத்தாள்.

"நீயா?"

"பூசைக்குத்தான் நான் ஆவாதவ. வெட்டறதுக்கு என்னைவிட்டா ஆளு ஏது? அடிங்க மண்டோரே."

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். சபாபதி அடித்தான். சம்மட்டி ஒரு இம்மி தவறினால் அவள் கை கூழாகிவிடும். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. ஒவ்வொன்றாக ஆணித் தலைகள் தெறித்து விழுந்தன. உள்ளே மாட்டியிருந்த தண்டுகளையும் தட்டி வெளியே எடுத்துவிட்டு, இளக்கமாகப் போல்ட்டைச் செருகி, கயிற்றை இழுத்தான். கால் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. குண்டு நேராகத் தொங்கியது. சாய்வுச் சட்டத்தின் துளையும் தகட்டின் துளையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. அந்த வழியே எட்டிப் பார்த்தால் எதிர்ப்பக்கத்து வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் ஆட்களுக்கு உயிர் வந்தது. வேலு தானே ஓடிப்போய் உலையை ஊதினான். புது ஆணிக்குப் புதுப் பூசை போட்டுவிட்டால் தோஷம் போய்விடும் என்று ஒருவன் சொன்னான், இன்னொருவன் கற்பூரத்தோடு வந்து நின்றான். கற்பூரத்தைக் கண்டதும் கருப்பாயி உளியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

சபாபதிக்கு வெட்கமாக இருந்தது. பின்னாலேயே போனான்.

"கருப்பாயி, வா. நீ இங்கேயே பக்கத்துல நில்லு. எவன் என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன்."

"வேணாம் மண்டோரே. அவங்க மேல ஏற வேண்டியவங்க. பயத்தோட ஏறக் கூடாது." அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு கோத்தா திங்கியில மழத் தூத்தல். இரும்பு வழுக்குது, பயமா இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட சொன்னாரு. ஏறுடா பொட்டப்பயலேன்னு நீங்கதான் ஏத்திவிட்டீங்க. அவருக்குச் சோறு கொண்டாந்து நான் கீழதான் நின்னுகிட்டிருந்தேன்."

அது தன்னையும் செத்துப் போனவனையும் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் சபாபதி இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"மண்டோரே, ஆணி பழுத்துடுச்சு! ஆறிப்போறதுக்குள்ள வாங்க!" வேலு கத்தினான்.

அவன் திரும்பிப் போய்ச் சம்மட்டியை எடுத்தான். முதல் அடி ஆணியில் விழவில்லை, தகட்டில் விழுந்தது. அடுத்த அடியை ஓங்காமல் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ஆணி ஆறிக் கறுத்துவிட்டது. வேறொன்றைக் காய்ச்சச் சொன்னான்.