படகுத்துறையில் ஸ்ரீவர்ஷினி

விடியும் முன்பே லாட்ஜ் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார் லட்சுமிநாராயணன். மதுரை வில்லாபுரத்திலிருந்து முந்தின நாளே ராமேஸ்வரம் வந்துவிட்டார். மகள் ஸ்ரீவர்ஷினி இங்கே படகு ஜெட்டியில் மீன் வியாபாரம் செய்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆட்டோக்காரர் அவர் வேட்டியைப் பார்த்தார். "சாமி, அக்னி தீர்த்தத்துக்குல்ல போகணும்?"

"இல்லண்ணே, மீன் மார்க்கெட்டுக்குத்தான்."

மனைவி சூடாமணி ஆடியில் இறந்தாள். அதன்பின் வீட்டில் அவரோடு தாய்மொழியான சௌராஷ்டிரத்தில் பேச ஆளில்லை. மீனவப் பையனைக் கட்டிக்கொண்டு போன மகள் சாவுக்கு வந்தாள். வாசலிலேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட்டாள். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை.

ஜெட்டியில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. ஈரத்தில் செருப்பு வழுக்கியது. கூடைக்காரர்கள் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று இடித்துக்கொண்டு ஓடினார்கள். நண்டுக் குவியல் முன்னால், புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி உரக்க ஏலம் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் அப்படியே சூடாமணியுடையது.

ஏலம் முடிந்து திரும்பியவள் அவரைக் கண்டு அப்படியே நின்றாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று சௌராஷ்டிரத்தில் கேட்டார். வேறெதுவும் வாயில் வரவில்லை.

"இன்னும் இல்லப்பா," என்று தமிழில் சொன்னாள். "எப்ப வந்தீங்க? உடம்புக்கு எதுவும் முடியலையா?"

"சும்மாத்தான்" என்றவர், மறுபடி வீட்டு மொழியில் அம்மாவைப் பற்றி ஏதோ தொடங்கினார். அவள் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தாள்.

"நம்ம பேச்சு வேணாம்ப்பா. அழுதுருவேன். இவுங்க முன்னாடி அழுதேன்னா நாளைக்கு யாவாரம் பண்ண முடியாது."

அடுத்த படகு வந்தது. "வர்ஷினிக்கா, சீக்கிரம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"அடுத்த தடவ போன் பண்ணிட்டு வாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றபடி ஓடினாள்.

அவரிடம் அவள் நம்பர் இல்லை. தூணோரமாக ஒதுங்கி, வெயில் ஏறும்வரை நின்றார். லாரியில் ஐஸ் பெட்டி ஏற்ற வந்தவள் திகைத்துப்போனாள்.

"இன்னுமா போகல?"

போனை நீட்டினார். ஈரக் கையாலேயே நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டாள்.

மதுரை பஸ்ஸில், அவர்மேலிருந்த மீன் வாடை தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். மானாமதுரை தாண்டியும் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார் லட்சுமிநாராயணன். என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.