சரி சார், வாரேன்

பீமாராவுக்கு வயசு முப்பத்தாறு. சர்வேயர் உத்தியோகம். விளாங்குடியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக் குடித்தனம், தனிக்கட்டை. புத்தி சுமார். கடைசியாகச் சொன்னது என் அபிப்பிராயம் இல்லை. அவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது.

பேரைக் கேட்ட எல்லாரும் "ராவ்னா, தெலுங்கா சார்?" என்பார்கள். "இல்ல, திருவாதவூரு" என்பான். அப்பா ஒரு பெரிய தலைவரைப் பற்றிய மேடைப் பேச்சு கேட்டுவிட்டு ஆசை ஆசையாக வைத்த பேர். காலையில் முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்வான்: "இம்புட்டுப் பெரிய பேர வச்சிக்கிட்டு ஒரு பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்ல வக்கில்லையேடா உனக்கு?" கண்ணாடியும் இல்லை என்றுதான் சொல்லும்.

அந்தப் பொண்ணு கனகா. திருவாதவூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வி.ஏ.ஓ. திருப்பரங்குன்றத்தில் அக்கா தங்கப்பொண்ணு வீட்டில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். நிலம் அளக்கிற நாட்களில் மூணு பேர் வயலில் நிற்பார்கள். தலையாரி சோணைமுத்து அளவுச் சங்கிலியை இழுப்பார், கனகா நோட்டை விரித்துக்கொண்டு வரப்பில் நிற்பாள், பீமாராவ் எல்லைக்கல்லைப் பார்க்க வேண்டியவன் கனகாவைப் பார்ப்பான். ரெண்டு வருசமாக இதுதான் நடக்கிறது.

அவன் இப்படி ஆனதற்கு ஒரு படம் காரணம். அதற்குப் பேர் உண்டு. ஆனால் அவன் அதைப் 'படம்' என்று மட்டும்தான் சொல்வான். மற்றதெல்லாம்தான் அவனுக்குப் பேரோடு இருக்கிற படங்கள். கறுப்பு வெள்ளை, அவன் பிறப்பதற்கு முன்னால் வந்தது. கதை இம்புட்டுதான்: ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன் ஒருத்தன் ஒரு வீட்டுக்குப் போகிறான். அன்றைக்கு அந்த வீட்டில் பொண்ணு பார்க்க மாப்பிள்ளை வருவதாக இருக்கிறது. வீட்டுக்காரர் இவன்தான் மாப்பிள்ளை என்று நினைத்து உட்கார வைத்து பஜ்ஜியும் கேசரியும் கொடுக்கிறார். பஜ்ஜி நன்றாக இருந்ததால் அவனும் உண்மையைச் சொல்லவில்லை. அப்புறம் உண்மை தெரிந்து ஏக ரகளை. ஆனாலும் ரேடியோவைச் சரிசெய்கிறேன் என்று அவன் தினமும் வருகிறான். போகும்போது ஒரு திருகாணியை மட்டும் லூசாக விட்டுவிட்டுப் போவான். ராத்திரியே ரேடியோ வாயை மூடிவிடும்; மறுநாள் மறுபடி கூப்பிடுவார்கள். கடைசி சீனில்தான் அந்தப் பொண்ணு சொல்வாள், திருகாணியை அவள் முதல் நாளே முடுக்கிவிட்டாள் என்று. அப்புறம் தினமும் வயரைப் பிடுங்கிவிட்டதே அவள்தானாம்.

இதை பீமாராவ் நாற்பத்தொரு தடவை பார்த்திருக்கிறான். கல்யாண வீட்டு டிவியில், மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பிய வீடியோ பஸ்ஸில், அம்மை போட்டுப் படுத்தபோது செல்போனில். "அதுல அப்படி என்னதான்டா மாப்ள இருக்கு?" என்று கூட வேலை பார்க்கிற ஜெயபாண்டி கேட்பான். பீமாராவ் யோசித்துப் பார்த்து ஒரு நாள் உண்மையைச் சொன்னான். "அதுல கெட்டவன்னு ஒருத்தனும் இல்லடா. எல்லாரும் கூமுட்டைங்க. கடைசியில அந்தக் கூமுட்டைக்கும் கல்யாணம் நடக்குது. அறிவாளிக்குப் பொண்ணு கிடைக்கிறதுல என்ன அதிசயம் இருக்கு? எனக்கு வேண்டியது இந்த மாதிரிப் படந்தான்."

படம் பார்த்துவிட்டு ஆம்பளைகள் மீசையை மாற்றுவார்கள், சட்டையை மாற்றுவார்கள். இவன் தொழிலைக் கெடுத்துக்கொண்டான். ஒரு நிலத்தை அளக்கப் போனால் எல்லா எல்லைக்கல்லையும் அளந்துவிட்டு ஒரே ஒரு கல்லை விட்டுவிடுவான். "வெயில் ஏறிருச்சு மேடம், இன்னொரு நாள் வந்து அந்த ஒரு கல்லையும் பாத்துருவோம்." கனகாவும் கையில் இருக்கிற நோட்டை மூடிக்கொண்டு, "ஆமா சார், நானும் பயிர்க்கணக்கு எழுதுற அடங்கல் நோட்ட ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்பாள். இன்னொரு நாள் உறுதியாகிவிடும். ராமக்காள் என்கிற அம்மாவின் அரை ஏக்கருக்கு இப்படியே நாலு தடவை போனார்கள். நாலாவது தடவை ராமக்காள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன் சார், என் நிலம் என்ன ரப்பரா? இப்படி இழுத்து இழுத்துப் பாக்குறீகளே!"

பீமாராவுக்கு மானம் போனது. ஆனாலும் ஒரு கல்லை விட்டுவிட்டுத்தான் வந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு சேதி வந்தது. மதுரையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரில் படத்தைப் புதுசாகக் கழுவித் துடைத்து மறுபடி போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு காட்சி. பீமாராவுக்கு இதைவிட நல்ல சாக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கனகாவோடு நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று மத்தியானமே மனப்பாடம் செய்திருந்தான். பஸ் தெரிகிற வரைக்கும் ராமக்காள் நிலத்தின் வடகிழக்குக் கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பஸ் வந்து நின்றது. கனகா படியில் காலை வைத்தபோதுதான் மூச்சு விடாமல் கொட்டினான்: "ஞாயித்துக்கிழம ரெண்டரைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டர்ல ஒரு பழைய படம் வாரீங்களா மேடம்?"

கனகா திரும்பிப் பார்த்தாள். "சரி சார், வாரேன்" என்றாள். பஸ் போய்விட்டது.

பீமாராவ் ஒரு நிமிசம் ஆகாசத்தில் நின்றான். அடுத்த நிமிசம் தரைக்கு வந்தான். ஏனென்றால் கனகா தினமும் பஸ் ஏறும்போது சொல்வதும் அதேதான். "சரி சார், வாரேன்." நம்ம ஊரில் கிளம்புகிறவர்கள் யாராவது போறேன் என்பார்களா? வாரேன் என்றுதானே சொல்வோம். அப்படியானால் இந்த வாரேன் வருகிற வாரேனா, போகிற வாரேனா? சென்ட்டு கணக்கில் வரப்புத் தகராறைத் தீர்க்கிறவனுக்கு இந்த ஒரு வார்த்தையின் எல்லை பிடிபடவில்லை.

சனிக்கிழமை ஜெயபாண்டியிடம் நியாயம் கேட்டான். "எந்த மாதிரிச் சொல்லுச்சு?" என்று கேட்டான் ஜெயபாண்டி. பீமாராவ் கனகா மாதிரியே கழுத்தைத் திருப்பி, "சரி சார், வாரேன்" என்று சொல்லிக் காட்டினான். டீக்கடையில் எல்லாரும் பார்த்தார்கள். "மாப்ள, நீ சொல்றதப் பாத்தா எனக்கே வரணும்போல இருக்கு" என்றான் ஜெயபாண்டி. "போன் போட்டுக் கேட்டுத் தொலையேன்டா."

பீமாராவிடம் இருந்தது கனகாவின் ஆபீஸ் நம்பர் மட்டும்தான். ரெண்டு வருசத்தில் இன்னொரு நம்பரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. அடித்தான். எடுத்தது தலையாரி சோணைமுத்து. "லீவு நாள்ல போன் என்கிட்டதான் சார் இருக்கும். என்ன விசயம், கல்லு நடணுமா?" பீமாராவ் ஏதோ உளறினான். சோணைமுத்து தானாகவே சொன்னார்: "வி.ஏ.ஓ. அம்மாவ நாளைக்குப் பொண்ணு பாக்க வாராய்ங்களாம் சார். திண்டுக்கல்லுல பேங்க் மாப்பிள்ளையாம். முடிஞ்சிரும்னு பேசிக்கிறாய்ங்க. நல்ல பிள்ள, நல்லா இருக்கட்டும்."

பீமாராவ் போனை வைத்தான். படத்தில் பஜ்ஜி தின்றவனைப் பார்த்து நாற்பத்தொரு தடவை சிரித்தோமே, பொண்ணு பார்க்க வருகிற நிஜ மாப்பிள்ளையை ஒரு தடவையாவது நினைத்தோமா என்று நினைத்தான். அந்த ஆளுக்கும் ஒரு பேங்க் வேலை இருந்திருக்கும். நிஜத்தில் இந்தத் திண்டுக்கல் மாப்பிள்ளைதான் ஜெயிக்கப் போகிறார்.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போனான். புதுசாக ஒரு கட்டம் போட்ட சட்டை. போட்ட பிறகுதான் தெரிந்தது, ஓட்டல் மேசை விரிப்பு மாதிரி இருந்தது. ரெண்டரை மணிப் படத்துக்கு ஒண்ணேகாலுக்கே போய் நின்றான். டிக்கெட் கிழிக்கிற வெள்ளைத்துரை, "ஒருத்தருக்கு எதுக்குண்ணே ரெண்டு டிக்கெட்டு?" என்று கேட்டார். "காலு நீட்ட" என்றான் பீமாராவ்.

ரெண்டரை ஆனது. மூணு ஆனது. பக்கத்து நாற்காலி காலி. திரையில் வீட்டுக்காரர் பஜ்ஜித் தட்டை நீட்டியபோது தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. பீமாராவ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். திருகாணி சீன் வந்தது. வழக்கமாகக் கைதட்டுகிற இடம். "சொல்லித் தொலையேன்டா, லூசுப்பயலே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். முன் சீட்டில் இருந்த பெரியவர், "கடைசியில சொல்லிருவான் தம்பி, பொறுங்க" என்றார். அவருக்குத் தெரியாது, அவன் திட்டியது திரையில் இருக்கிறவனை இல்லை.

இடைவேளை விட்டார்கள். கிளம்பிவிடலாம் என்று வெளியே வந்தான். கேட்டில் ஒரே சத்தம்.

"உள்ள இருக்குறவர் என் டிக்கெட்ட வச்சிருக்காரு."

"எந்த ஆளும்மா? உள்ள முந்நூறு பேரு இருக்காய்ங்க."

"எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருப்பாங்கள்ல? சிரிக்காம ஒருத்தர் உக்காந்திருப்பாரு. அவருதான்."

கனகா பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு நின்றாள். வெள்ளைத்துரை பீமாராவின் முகத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டார்.

"வந்துட்டீங்களா?" என்றான் பீமாராவ். இத்தனை தவிப்புக்கும் பிறகு அவன் கண்டுபிடித்த வசனம் அதுதான்.

"வாரேன்னு சொன்னேன்ல?"

"அது தினமும் சொல்றதுதான மேடம்..."

"தினமும்தான் சொன்னேன். ரெண்டு வருசமா வாரேன் வாரேன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். எங்கன்னு நீங்க சொன்னாத்தான சார் வர முடியும்? வெள்ளிக்கிழமதான் சொன்னீங்க."

பீமாராவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அட கிறுக்குப்பயலே, கிறுக்குப்பயலே என்று தன்னைத்தானே வைதுகொண்டான். உள்ளே மணி அடித்தது. இருட்டில் தடவிப் போய் உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க மத்தியானம் சாப்ட்டுட்டுத்தான் போனாங்க. அதான் லேட்டு" என்றாள் மெதுவாக. "சாயங்காலம் பதில் சொல்றேன்னு அக்காகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். என்ன சொல்லட்டும்?"

நாற்பத்தொரு தடவை பார்த்த படம். இந்த இடத்துக்கு அதில் பொன்னான வசனம் ஒன்று உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இப்போது ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. பதற்றத்தில் எழுந்து நின்றுவிட்டான்.

"வேணாம்னு சொல்லிருங்க, கனகா."

"ஏன்னு கேட்டா?"

"நான் இருக்கேன்னு சொல்லுங்க."

"அண்ணே, நீங்க இருக்குறது எங்களுக்கும் தெரியுது, உக்காருங்க, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். பீமாராவ் உட்கார்ந்தான். கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

கடைசி சீனில் அந்தப் பொண்ணு பிடுங்கிய வயரைக் கையில் காட்டினாள். கனகா அவன் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "பாவம், படத்துல வேல பூராம் இந்தப் பிள்ளதான் பாத்திருக்கும்போல. அந்தாளு சும்மா திருப்புளியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான்." கொஞ்சம் பொறுத்து, "அடங்கல் நோட்டு எப்பவும் என் பையிலதான் சார் இருக்கும்" என்றாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். திருப்பரங்குன்றம் பஸ் வந்தது. விளாங்குடி அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கனகா படியில் ஏறிக்கொண்டே பழக்கத்தில், "சரி சார், வாரேன்" என்றாள்.

"நானும் வாரேன்" என்றான் பீமாராவ்.

அவள் தலையாட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையாட்ட வெளியே எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம். திரும்பினால் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேசை விரிப்புச் சட்டையோடு நிற்கிறான்.

"நீங்க எங்க சார் வாரீங்க?"

"உங்க அக்காவப் பாக்க."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கு ஒரு கல்லையும் விடுறதா இல்ல."

கண்டக்டர் வந்தார். "எங்க சார்?"

"திருப்பரங்குன்றம், ரெண்டு" என்று டக்கென்று சொன்னான் பீமாராவ். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் சொன்ன பதில். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரூபாய் நோட்டை நீட்டினான்.

"லேடீஸுக்கு ஃப்ரீ சார், அது கூடத் தெரியாதா?" என்றார் கண்டக்டர். "அவங்க காசில்லாமலே எப்பவோ கிளம்பிட்டாங்க. டிக்கெட் எடுக்க வேண்டியது நீங்க ஒருத்தர்தான்."