வெட்டி எறிந்த காட்சி

கணினித் திரையில் ஓட்டக்காரன் ஒருவன் தடுக்கி விழுந்தான். பின்னால் வந்தவன் நின்று, குனிந்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டான். இயக்குநர் சொல்லி நடித்ததல்ல. ஷூ விளம்பரப் படப்பிடிப்பின்போது தானாக நடந்தது. எடிட்டர் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, விழுந்தவனைத் தாண்டிப் பாயும் காலை அந்த இடத்தில் ஒட்டினாள். வெட்டுவதும் ஒட்டுவதும்தான் அவள் பிழைப்பு. கத்தரிக்கோல் இல்லாத தையல்காரி என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

விடுமுறையென்று கூட வந்திருந்த மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவளும் ஓட்டக்காரிதான்.

"ஏம்மா அதை எடுத்துட்டே? நல்லாத்தானே இருந்துச்சு."

"நிக்கிறவனைக் காட்டினா ஷூ விக்காதுடி."

அத்தோடு பேச்சு முடிந்தது. 'திரும்பிப் பார்க்காதே' என்ற வாசகத்தோடு விளம்பரம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. மைதானங்களில் பிள்ளைகள் அதையே கத்திக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி ஓடினார்கள். யாருக்கு என்ன கவலை? சரக்கு விற்றுவிட்டதே, போதாதா?

பள்ளிகளுக்கு இடையிலான நெடுந்தூர ஓட்டம் கொளுத்தும் வெயிலில் நடந்தது. மகள் கோப்பையோடு வந்தாள். ஆனால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சாப்பிடக்கூட வராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. ஆள் நடமாட்டமில்லாத வளைவு ஒன்றில், அவளுக்கு முன்னால் ஓடிய வேற்றுப் பள்ளிப் பெண் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த அத்தனை பேரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். நெடுநேரம் கழித்தே ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. உயிர் தப்பியது, பேச்சும் நினைவும் போய்விட்டன. உடனே நிழலுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் இந்தக் கதிக்கு ஆளாகியிருக்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னாராம்.

தாய்க்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உனக்கென்ன கல் நெஞ்சா என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மகள் அழவில்லை. "நின்னேம்மா. கையைக்கூட நீட்டினேன். அப்புறம்தான் உன் ஞாபகம் வந்துச்சு. நிக்கிறவங்க யாருக்கும் வேணாம்னு நீதானே வெட்டி எடுத்தே?"

தோளைப் பிடித்திருந்த கை தானாக நழுவியது. பாவி, அந்தப் பெண்ணை வீழ்த்தியது வெயில் என்றால் கிடக்கவிட்டது நான் அல்லவா என்று தன்னையே சபித்துக்கொண்டாள்.

அதே ஷூவுக்குப் புது விளம்பரம் தயாராகிக்கொண்டிருந்தது. வெட்டி எறிந்த துண்டைத் தேடி எடுத்து அதில் சேர்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இதைப் பார்த்து எவன் ஷூ வாங்குவான் என்று அவர் சிரித்தார். வளைவில் விழுந்து கிடந்த பெண்ணின் கதையை அவரிடம் சொன்னாள்.

"நாம ஷூ மட்டும் விக்கலை சார். எப்படி விளையாடணும்னும் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறோம். ஜெயிக்கிறதைக் காட்டுற நாமதான், விழுந்தவங்களைத் தூக்கிவிடுறதும் ஒரு வெற்றிதான்னு காட்டணும். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க."

கம்பெனியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயமோ, மனசாட்சியோ, அவர் ஒப்புக்கொண்டார்.

தாயும் மகளும் மருத்துவமனைக்குப் போனபோது, வார்டு தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கூரையையே வெறித்துக் கிடந்தாள். அவள் அப்பா ஈரத்துணியால் மகளின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். தான் யாரென்று அவரிடம் சொல்ல எடிட்டருக்கு நாக்கு எழவில்லை.

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நல்லா இருக்கும்மா இந்த விளம்பரம். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா என் பொண்ணுக்கும் யாராவது கை குடுத்திருப்பாங்க."