ஆளுக்கொரு தகடு

எங்கள் காவல் நிறுவனம் எஸ்குவின்ட்லா நகரில் புதுக் கிளை திறந்தபோது ஆட்களை இரண்டு மடங்காக்கினார்கள். கோபான் மலையிலிருந்து இறங்கிய பையன்கள் வாசல் முழுக்க நின்றார்கள். துப்பாக்கி எல்லோருக்கும் கிடைத்தது. குண்டு தாங்கும் சட்டைதான் போதவில்லை.

அந்தச் சட்டைக்குள் நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என இரண்டு இரும்புத் தகடுகள் இருக்கும். மேலாளர் தோன் எவெரார்தோ அவற்றைப் பிரிக்கச் சொன்னார். ஆளுக்கொரு தகடு. மறுபக்கத்தில் அட்டையை வைத்துத் தைத்தார்கள்.

நானும் என் தம்பி அபெலினோவும் கடை கடையாகக் கோழி இறக்கிப் பணம் வசூலிக்கும் ஒரே வண்டிக்குக் காவல். அவனுக்கு நெஞ்சுத் தகடு வந்தது, எனக்கு முதுகுத் தகடு.

"முதுகுல அட்டையா, மொதலாளி?" என்றான் தம்பி.

"ஓடுறவனுக்குத்தான்டா முதுகுல விழும். நீ ஓடுவியா?"

"அப்ப எங்கண்ணனை என் முதுகோட சேத்துக் கட்டிருங்க. ரெண்டு பேருமா ஒரு முழு ஆளு."

வரிசையே சிரித்தது.

ஆனால் அப்படித்தான், முதுகோடு முதுகாக நின்றோம். கடைகளில் வண்டி நிற்கும்போது நான் வண்டியைப் பார்த்து நிற்பேன், அவன் தெருவைப் பார்த்து. என் தகடு அவன் முதுகையும் மறைத்தது.

பிறகு புதுக் கிளைக்குப் பழகிய ஆள் வேண்டுமென்று என்னை மாற்றினார்கள்.

"என் தகட்டைத் தம்பிகிட்ட குடுத்துட்டுப் போறேன் மொதலாளி. எனக்கு அட்டை போதும்."

"கம்பெனிப் பொருளைத் தானம் பண்ண நீ யாருடா? அது எஸ்குவின்ட்லாவுக்குப் போகணும்."

"போண்ணே," என்றான் அபெலினோ. "வண்டியில சாஞ்சு நின்னுக்கறேன். கோழியே என்னைப் பாத்துப் பயப்படுது, திருடன் பயப்பட மாட்டானா?"

அந்த வாரமே, பெட்டியைத் தூக்க முடியாத கடைக்காரி ஒருத்தி அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். வண்டியை விட்டு நகர்ந்து குனிந்திருக்கிறான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். அட்டை பஞ்சாய்ப் பிய்ந்திருந்தது. நெஞ்சுத் தகட்டில் கீறல்கூட இல்லை.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். எஸ்குவின்ட்லா அலுவலகத்தில் அன்றும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக அங்கே வந்திருந்த தோன் எவெரார்தோ என் சட்டையை வாங்கி, முன்பக்கத் தையலைப் பிரித்து, அட்டையை உருவினார். அந்த இடத்தில் தம்பியின் தகட்டைச் செருகினார். கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

"நல்ல பையன், பாவம்," என்றார். "போட்டுக்கோ. இப்ப நீ முழு ஆளு."

உருவிய அட்டையை வரிசையில் முதலில் நின்றவனிடம் கொடுத்தார். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் சட்டையையே பார்த்தான்.

"குடுத்து வச்சவருண்ணே நீங்க," என்றான்.